அவன் ஊசி, என் ஊசி

பிப்ரவரி 5, திங்கள்

ஸ்கேன் அறையில் ஏ.சி. மறுபடி சொட்டுகிறது. கீழே வாளி வைத்திருக்கிறோம். வேறு விசேஷம் இல்லை.

விசேஷம் இல்லை என்று எழுதிவிட்டேன். உண்டு. லம்துவன் காலையில் ஒட்டரிசிச் சோறும் சுட்ட கோழியும் வாங்கி வந்தாள். எத்தனையோ வருடமாக எனக்கு ஊசி எடுத்துத் தருகிற நர்ஸ். நான் கையை நீட்டினால் போதும், எந்த ஊசி என்று கேட்கவே மாட்டாள். கோழியில் தொடைத்துண்டு எனக்கு என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். இன்று அது புதிதாக வந்த டாக்டர் தனேத்தின் தட்டில் இருந்தது.

"டாக்டர் தம்பி ஒல்லியா இருக்காரு, தின்னட்டும்."

எனக்கு இறக்கை. இறக்கையும் நன்றாகத்தான் இருந்தது. நாற்பத்தேழு வயதில், தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு மாகாண ஆஸ்பத்திரியின் ஸ்கேன் டாக்டர், கோழித்தொடைக்காக மனசு கசந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, புதன்

வாராந்திரக் கூட்டம். ஒரதாய் பேசினாள். நாங்கள் எடுத்து அனுப்பும் சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்கிறவள். அவளும் நானும் ஒரே வருடம் இங்கே சேர்ந்தவர்கள்.

"தனேத் அனுப்புற சாம்பிள் ஒவ்வொண்ணும் நூல் பிடிச்ச மாதிரி முழுசா வருது. பாக்கவே சந்தோஷமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவும் அழகாக. என்னுடையவை சில சமயம் 'போதவில்லை' என்று திரும்பி வருவதை ஒரதாய் சொல்லவில்லை. சொல்லாமல் என்னை ஒருதரம் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள். சொல்லியே இருக்கலாம்.

இந்த ஊரில் பச்சை மீனை எலுமிச்சம்பழம் பிழிந்து தின்னாத வீடு கிடையாது. அந்த மீனில் இருக்கும் புழு ஈரலில் குடியேறி, வருடக்கணக்கில் உட்கார்ந்து, சிலருக்குப் புற்றாக முடிகிறது. அதனால் எங்கள் அறை காலியாக இருந்ததே இல்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தால் போதாது. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே ஊசியை உள்ளே விட்டு, ஒரு இழை சதையாவது எடுத்து வந்தால்தான் அறுப்பதா மருந்தா என்று முடிவு செய்ய முடியும். போன வருடம் வரை அதைச் செய்ய இங்கே நான் ஒருத்திதான். முதுகு ஒடிகிறது, ஆள் வேண்டும், ஆள் வேண்டும் என்று மேலிடத்தை நச்சரித்ததும் நான்தான். கேட்டேன். வந்தான்.

பெரிய கட்டியெல்லாம் அவனுக்குப் போகிறது, ஆழத்தில் ஒளிந்திருக்கும் சுண்டைக்காய்கள் எனக்கு வருகின்றன. என்னுடையவை திரும்பி வருவதற்கு அதுதான் காரணம்.

அது முழுக் காரணம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

பிப்ரவரி 9, வெள்ளி

சாப்பிடும்போது கிரியங் சொன்னார்: "தினமும் அந்தப் பையனையும் பேச்சுலயே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடற. ஒரு நாளாவது நாம ரெண்டு பேர் மட்டும் சாப்பிடலாமே." புருஷன் என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்?

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று புவாலாய் வந்தாள். வேறு ஊர்க்காரர்களுக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம், இந்தப் பக்கத்தில் கோயில் திருவிழாவென்றால் விடிய விடிய மோலாம் பாட்டு, மோலாம் பாட்டென்றால் புவாலாய். கல்யாணத்துக்கு முன்னால் நானும் கிரியங்கும் அவள் மேடைக்கு எதிரே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறோம். இப்போது அறுபதை நெருங்குகிறாள். உதட்டுச்சாயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஈரலின் உச்சியில், மூச்சுத்தசைக்குக் கீழே ஒரு கட்டி. மோசமான இடம். மூச்சு இழுத்தால் ஈரல் ஒரு விரல் அளவு கீழே இறங்கும், விட்டால் ஏறும். அசைகிற குறியை ஊசியால் அடிக்க வேண்டும்.

"டாக்டரம்மா, சிரிக்க மாட்டீங்களா? செத்தா சிரிச்ச முகத்தப் பாத்துட்டுச் சாவேன்ல."

"பேசாதீங்க. மூச்ச நிறுத்துங்கன்னு சொன்னா நிறுத்தணும்."

"எவ்வளவு நேரம் வேணும், சொல்லுங்க. மூச்சுலதானே இத்தன வருஷம் சோறு தின்னேன்."

நிறுத்தினாள். இப்படி ஒரு நோயாளியை நான் பார்த்ததில்லை. ஈரல் படம் வரைந்தது போல நின்றது. ஊசிமுனை கட்டியின் நடுவில் வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. சதையை வெட்டும் பித்தானை அழுத்தினேன். கிளிக். மூன்று முறை எடுத்தேன், மூன்றும் நடுவிலிருந்து.

நல்ல வேலை. என் கையால் நல்ல வேலை. தனேத் அந்த நேரம் வெளியே இருந்தான், பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 27, செவ்வாய்

புவாலாய் முடிவு வந்துவிட்டது. அழற்சி. புற்று அணுக்கள் இல்லை. அவள் மகள் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புவாலாய் மட்டும், "அப்ப பச்ச மீன் தின்னலாமா?" என்றாள். கூடாது என்றேன். "பாதி சந்தோஷத்தப் புடுங்கிட்டீங்களே" என்றாள்.

பிப்ரவரி 28, புதன்

எழுத்து கோணலாகப் போகிறது.

கூட்டத்தில் புவாலாய் படத்தைப் போட்டார்கள். முடிவைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் கையைத் தூக்கினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. படம் புற்று மாதிரி இருக்கு, ஊசி இல்லேங்குது. ரெண்டும் பொருந்தல. இன்னொரு தரம் எடுத்துப் பாக்கலாமே?"

"என் ஊசி நடுவுல இருந்துச்சு."

"இருந்திருக்கும் அக்கா. ஆனாலும்..."

ஆனாலுமாம்!

அறுவை டாக்டர் சுரசித் உடனே அவன் பக்கம் சாய்ந்தார். "பனிதா, உங்களுக்குத் தெரியாததா? ஊசி 'இருக்கு'ன்னா நம்பலாம். 'இல்ல'ன்னா யோசிக்கணும்." தெரியும். மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அது. புற்று இருக்கும் இடத்தை ஊசி தொடாமல் போனாலும் 'இல்லை' என்றுதான் வரும். ஆனால் இது என் 'இல்லை'. நான் பார்த்து, நிறுத்தி, அடித்து எடுத்த 'இல்லை'.

சரி, எடுங்கள் என்றேன். யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள்.

மார்ச் 5, செவ்வாய்

அவன் இன்று புவாலாய்க்கு ஊசி போட்டான். நான் பக்கத்து அறையில் ஒரு கர்ப்பிணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரைத் தாண்டிச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. புவாலாயின் குரல், லம்துவனின் குரல். லம்துவன் என்னோடு வேலை செய்யும்போது அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"மாப்பிள்ள, உனக்குப் பொண்ணு பாத்துட்டேன். என் தங்கச்சி. அம்பத்தாறுதான் ஆச்சு."

"பல்லு இருக்கா அத்த?"

"எதுக்கு, கடிக்கவா போற?"

கர்ப்பிணிகூட சிரித்தாள். நான் அவளிடம் அசையாதே என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

வந்துவிட்டது. அவனுடைய சாம்பிளில் 'புற்றாக இருக்க வாய்ப்பு உண்டு' என்று ஒரதாய் எழுதியிருக்கிறாள். அப்படியானால் என் ஊசி தவறவிட்டது. அவன் ஊசி பிடித்தது.

என் அறைக்கு வந்து, "அக்கா, அந்த இடம் ரொம்பக் கஷ்டமான இடம். யாருக்கும் தவறும்," என்றான்.

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

மார்ச் 13, புதன்

கூட்டம். 'வாய்ப்பு உண்டு' என்பது பேசப்பேசத் தேய்ந்து, கூட்டம் முடிவதற்குள் 'புற்றுதான்' ஆகிவிட்டது. ஈரலின் வலது பாதியை எடுத்துவிடுவது என்று முடிவு. அடுத்த வாரம் வியாழக்கிழமை. நான் வாயைத் திறக்கவில்லை. எதைச் சொன்னாலும் தோற்றவள் பேசுவது போலத்தான் இருக்கும்.

வராந்தாவில் புவாலாயைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன், விடவில்லை.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல கண்ணு. ஊசி பொய் சொன்னா நீ என்ன பண்ணுவ." பிறகு மெதுவாக, "அறுத்தப்புறம் பாட முடியுமா? அந்த மூச்சு வருமா?" என்றாள்.

பாதி ஈரலையும் எடுத்து, விலாவையொட்டி அவ்வளவு நீளத்துக்குக் கிழித்துத் தைத்தால் பழைய மூச்சு சீக்கிரம் வராது. அந்த வயதில் சிலர் எழுந்திருப்பதே இல்லை. "டாக்டர் சுரசித் கெட்டிக்காரர்" என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்குப் புரிந்தது.

மார்ச் 15, வெள்ளி

லம்துவன் கேட்டாள்: "ஏன் டாக்டர் ரெண்டு நாளா உர்ருன்னு இருக்கீங்க?" வெயில் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

உண்மையை எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு செய்யவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் கம்ப்யூட்டரில் அவன் புவாலாய்க்கு ஊசி போட்ட படத்தை ஓடவிட்டேன். ஊசி போகிற நேரம் முழுதும் பதிவாகும். எதற்குப் பார்த்தேன்? எங்கேயாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று. பிடித்த விதம், சாய்ந்த விதம், எதுவாவது. அவ்வளவுதான் என் நோக்கம். புவாலாய் என் நினைவிலேயே இல்லை.

முதலில் எல்லாம் நேர்த்தி. ஊசி கட்டியை நோக்கி ஒரே கோட்டில் இறங்குகிறது. என்னைவிடச் சுத்தமான கோடு, ஒத்துக்கொள்கிறேன். முனை கட்டிக்குள் போய் நிற்கிறது. அப்புறம் படம் முழுவதும் ஒரு குலுக்கல் — சிரிக்கிறாள்! ஈரல் கீழே இறங்குகிறது. அந்தக் கணத்தில் கிளிக்.

திரும்ப ஓட்டினேன். மெதுவாக ஓட்டினேன். கிளிக் விழும்போது முனை கட்டிக்குள் இல்லை. கட்டியின் விளிம்புக்கு வெளியே, பக்கத்தில் வீங்கிக் கிடக்கிற பித்தக்குழாயில் இருக்கிறது. இரண்டாவது தடவையும் அப்படியே. புழு பல வருடம் அரித்த குழாய் அது. அதன் சுவரிலுள்ள அணுக்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும். கொஞ்சமாகப் பிய்த்து எடுத்துப் பார்த்தால் யாருக்கும் புற்று போலத் தோன்றும்.

கட்டியை அவன் தொடவே இல்லை.

எழுந்து நின்றேன். உட்கார்ந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் — இதை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கேதான் எழுத முடியும் — பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி. புதன்கிழமைக் கூட்டத்தில், பெரிய திரையில், எல்லோர் முன்னாலும், ஒரு வார்த்தை பேசாமல் இதை ஓடவிடுவேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். சிவப்பு விளக்கில் பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துத்தான் வண்டியை எடுத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தபோது பயம் வந்தது. குற்றம் தேடி உட்கார்ந்தவளுக்குக் குற்றம் தெரியாமல் இருக்குமா? நான் பார்க்க விரும்பியதைத்தான் பார்த்தேனோ? என் பேச்சைக் கேட்டு அறுவையை நிறுத்தி, அது நிஜமாகவே புற்றாக இருந்துவிட்டால்? அவள் செத்துப்போவாள். என் வயிற்றெரிச்சலுக்காக.

படத்தை எடுத்துக்கொண்டு ஒரதாயிடம் போனேன். யார் போட்ட ஊசி, யாருடைய ஈரல், எதுவும் சொல்லவில்லை. "கிளிக் விழும்போது முனை எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு."

அவள் ஸ்கேன் டாக்டர் இல்லை. ஆனாலும் ஒரே தரத்தில் சொன்னாள். "வெளியதானே இருக்கு? குழாய்ல."

பெயரைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. இரண்டு ஸ்லைடுகளையும் எடுத்து வைத்து, என்னுடையதையும் அவனுடையதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நான் அவள் மேஜையில் இருந்த செடியின் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இது குழாய்ச் சுவர் பனிதா. இது கட்டியோட சதைன்னு நெனச்சுப் படிச்சேன், அதான் சந்தேகம்னு எழுதினேன். உன்னுதுல புழுவுக்கு எதிரா வர்ற அணுக்கள் மொய்ச்சுக் கெடக்கு. உன்னுதுதான் கட்டி."

உன்னுதுதான் கட்டி. இவ்வளவு அழகான வாக்கியத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"இப்பவே சுரசித்கிட்டச் சொல்லலாம்," என்றாள். நாளைக்குக் கூட்டம் இருக்கிறதே என்றேன். அறுவை வியாழன்தானே. ஒரு நாளில் என்ன. ஒரதாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

திரும்பி வந்தால் லம்துவன் நிற்கிறாள். "புவாலாய் அம்மாவ இன்னிக்கே வார்டுல சேத்துட்டாங்க. நாளைக்குக் காலைல தியேட்டர் காலியாயிடுச்சாம், முதல் கேஸ் அவங்கதான்."

கூட்டம் நாளை மத்தியானம்.

தனேத் கேன்டீனில் இருந்தான். நடந்து போகும்போதுகூட ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது மனசில். சுரசித்திடம் நேராகப் போனால் பெயர் எனக்கு, இவனிடம் போனால் இவனே சரிசெய்துகொள்வான். ஏன் அவனிடம் போனேன் என்று இப்போதும் சரியாகத் தெரியவில்லை. அவன் மிளகாய் போட்டு இடித்த பப்பாளிக்காயைத் தின்று காரத்தில் மூக்கு வடிய உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பெரிய எதிரி மாதிரித் தெரியவில்லை.

செல்போனில் படத்தைக் காட்டினேன். "கிளிக்கப் பாரு."

பார்த்தான். இன்னொரு தடவை பார்த்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"சிரிச்சாங்க," என்றான். "நான் சிரிக்க வச்சேன்."

"ஒரதாயும் பாத்துட்டா. அது குழாய்."

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்தான். படிக்கட்டில் அவன் பின்னால் என்னால் ஓட முடியவில்லை, மூச்சு வாங்கியது. மேலே போய்ச் சேரும்போது சுரசித் அறைக்குள் அவன் குரல் கேட்டது. "என் ஊசி தப்பு சார். நான் கட்டியத் தொடவே இல்ல. அக்காவோட முடிவுதான் சரி. நாளைக்கு அறுக்காதீங்க."

நான் கதவருகே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, புதன்

நம்பவே முடியவில்லை. நம்பவே முடியவில்லை!

கூட்டத்தில் அவனே எழுந்து, அவனே படத்தை ஓட்டி, அவனே தன் தப்பை விளக்கினான். "பனிதா அக்கா கண்டுபிடிக்கலேன்னா ஒரு பாட்டுக்காரியோட பாதி ஈரல் போயிருக்கும்," என்றான். எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். சரி. நல்லது. அப்புறம் ஆஸ்பத்திரி டைரக்டர் எழுந்தார். எனக்கு ஏதாவது சொல்லப்போகிறார் என்று முதுகை நிமிர்த்தினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"தன் தப்பத் தானே வந்து சொல்ற டாக்டர நான் இப்பத்தான் பாக்கறேன். எல்லாரும் தனேத்தப் பாத்துக் கத்துக்கணும்."

கை தட்டினார்கள். லம்துவன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுரசித் அவன் தோளில் தட்டினார்.

சரியாக ஊசி போட்டவள் நான். தப்பைக் கண்டுபிடித்தவள் நான். கை தட்டல் தப்புச் செய்தவனுக்கு! இவன் தப்புக்கூட என்னைவிட அழகாகச் செய்கிறான். கிரியங்கிடம் சொன்னால் சிரிக்கிறார். விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு இங்கே நெஞ்சு எரிகிறது, இந்த மனுஷன் தரையில் உருளாத குறையாகச் சிரிக்கிறார்.

சரி, நானும் கொஞ்சம் சிரித்தேன்.

மார்ச் 22, வெள்ளி

மூன்றாவது ஊசி, சந்தேகம் யாருக்கும் மிச்சம் இருக்கக்கூடாது என்று. யார் போடுவது என்று கேட்கும் முன்பே தனேத் ஸ்கேன் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டான். "நான் காட்டறேன், நீங்க அடிங்க அக்கா."

"ரெண்டு டாக்டரா?" என்றாள் புவாலாய். "எனக்கு அவ்வளவு மவுசா? மாப்பிள்ள, அந்தப் பொண்ணு விஷயம்..."

"அத்த, இன்னிக்குச் சிரிச்சா உங்கள நானே ஆத்துல தள்ளிடுவேன். மூச்ச நிறுத்துங்க."

அவன் காட்டிய படம் மாதிரி ஒரு படம் எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை. என் கையில் ஊசி, அவன் கையில் கண். நடுவில் விழுந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். புவாலாய் இன்னும் பிடித்துக்கொண்டு கிடந்தாள், விடச் சொல்ல மறந்துவிட்டோம்.

மார்ச் 28, வியாழன்

மூன்றாவதும் அழற்சிதான். புழு மருந்து ஆரம்பித்தாயிற்று. இனி கட்டி சுருங்க வேண்டும். சுருங்கினால்தான் நாங்கள் சொன்னது நிஜம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எனக்கு அவன்மேல் வயிற்றெரிச்சல் இல்லாதிருந்தால் அந்தப் படத்தைத் திறந்தே இருக்க மாட்டேன். இதை நல்லது என்பதா, என்ன என்பது?

ஏப்ரல் 30, செவ்வாய்

புவாலாய் ஸ்கேன். கட்டி பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தனேத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அளந்து பார்த்தான். "அக்கா!" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவன் அழுவதை லம்துவன் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு கோழி சுட்டிருப்பாள்.

ஜூன் 2, ஞாயிறு

மழை வேண்டி மூங்கில் ராக்கெட் விடுகிற திருவிழா. புவாலாய் மறுபடி மேடையேறினாள். கிரியங்கும் நானும் போனோம். தனேத், லம்துவன், ஒரதாய் எல்லோரும் வந்திருந்தார்கள். குரல் கொஞ்சம் கரகரத்தது, மூச்சு அப்படியே இருந்தது. ஒரு அடியை அவள் நீட்டிக்கொண்டே போக, மூங்கில் குழல்காரன் தாங்க முடியாமல் முதலில் மூச்சை விட்டான். கூட்டம் கூச்சல் போட்டது.

அப்புறம் இட்டுக்கட்டிப் பாட ஆரம்பித்தாள். கண்ணால் சிரிக்கும் மாப்பிள்ளை டாக்டர் ஊசியால் குத்தினாராம், வலியே தெரியவில்லையாம். சிடுமூஞ்சி டாக்டரம்மா ஒருத்தி குத்தினாளாம், உயிர் தப்பியதாம். மாப்பிள்ளைக்கு நாலு அடி, எனக்கு ஒன்று. எண்ணினேன்.

ஜூலை 8, திங்கள்

தனேத் போகிறான். கோன்கேனில் பெரிய ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மா அங்கே தனியாக இருக்கிறார், போய்த்தான் ஆக வேண்டும் என்கிறான். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போய்ட்டு வா. நல்ல இடம்," என்றேன்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். மறுபடி இந்த அறை எனக்கு. கூட்டத்தில் என் சாம்பிளைத் தவிர வேறு சாம்பிள் கிடையாது. சந்தோஷப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

ஜூலை 31, புதன்

வழியனுப்பு. எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொருவராக அவன் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தினோம். லம்துவன் கட்டும்போது ஒரே அழுகை. என் முறை வந்தபோது வாழ்த்து ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "சிரிக்க வைக்காத," என்றேன். "ஊசி போடும்போது மட்டும்."

"சரி அக்கா."

முடிச்சு இறுக்கமாக விழுந்துவிட்டது. அவன் அதைத் தளர்த்தாமல் அடுத்த ஆளிடம் கையை நீட்டினான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நோயாளிக் கூட்டம் அதிகம். முதுகு வலி. பேச ஆள் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஒரு முதியவருக்கு இரைப்பைக்குப் பின்னால், கணையத்தில் கட்டி. ரத்தக்குழாய்கள் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. எந்த வழியாகப் போவது என்று காலையெல்லாம் பார்த்தேன். கடைசியில் படத்தைத் தனேத்துக்கு அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். யாரிடமும் நான் இப்படிக் கேட்டதில்லை.

உடனே எடுத்தான். "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க அக்கா, குடல் ஒதுங்கும். வழி கெடைக்கும்." நான் நினைத்ததும் அதுதான். ஆனாலும் அவன் சொல்லிக் கேட்டபோது கைக்குத் தெம்பு வந்தது. மத்தியானம் போட்டேன், நன்றாக விழுந்தது. அதை அப்புறம் எழுதுகிறேன்.

விஷயம் வேறு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் பக்கத்தில் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. "தனேத் தம்பி, என் கேஸக் கொஞ்சம் வந்து பாரேன்."

"இதோ வரேன் அக்கா," என்றான்.

என்னிடம் சொல்கிறான் என்று நினைத்து "எங்க வர்ற?" என்று கேட்டுவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது.

யாராம் அவள்? எத்தனை வருஷ அனுபவமாம்?